நொய்யல் ஓரமாக ஐந்து நாள்: நின்றுபோன குடோன்களின் வழியே

முதல் நாள், வியாழன். கோவை

கோவையில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் கூவும் நிறுத்தங்களில் மில் பெயர்தான் அதிகம். லட்சுமி மில், பங்கஜா மில், வசந்தா மில், கம்போடியா மில். இறங்கி நின்று கேட்டால் ஸ்பின்னிங் சத்தம் வராது. பெயர் நிறுத்தத்தில் ஒட்டிக்கொண்டது, மில் போய்விட்டது.

இந்தப் பயணம் நொய்யலை ஒட்டியே போகிறது: கோவை, சூலூர், சோமனூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம், கொடுமணல். ஊர் தேய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் கொங்கு நாட்டில் பாழடைந்த தெருவைத் தேடக்கூடாது. இங்கே ஒரு கட்டடமும் ரொம்ப நாள் சும்மா கிடக்காது. மெஷின் போகும், கட்டடம் நிற்கும், அதற்குள் வேறெதுவோ குடியேறும். அதனால் பார்க்க வேண்டியது கட்டடத்தைத்தான்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி திருச்சி ரோட்டில் ஒண்டிப்புதூர் வரைக்கும் நடக்கலாம். காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் வெயிலுக்குத் தப்பலாம். பழைய பஞ்சாலையைக் கூரையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கூரை. செங்குத்துப் பக்கத்தில் கண்ணாடி, அது வடக்கைப் பார்த்திருக்கும். நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் உள்ளே வருவதற்காக அப்படிக் கட்டினார்கள். நூற்பில் காற்று ஈரம் குறைந்தால் இழை பறக்கும், அறுந்துகொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 55, 60 சதவீத ஈரப்பதம் வேண்டும். அதற்காகத் தரைக்கடியில் காற்றுக் கால்வாய், ஓரத்தில் நீர் தெளிக்கும் அறை. பாலக்காட்டுக் கணவாயின் ஈரக் காற்று இந்த ஊருக்குக் கொடுத்த சலுகை போதாதபோது இவை ஈடுகட்டின.

நின்ற மில்லை மறுபடி ஓட்டுவது ஏன் அத்தனை எளிதில்லை என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஈரத்தோடு ஓடிப் பழகிய மெஷின் ஓடாமல் நின்றால் முதலில், இழை முறுக்கேறும் எஃகு வளையமான ரிங் துருப்பிடிக்கும். ரிங் மேல் ஓடும் டிராவலர் கம்பி அந்தத் துருவில் சிக்கும், இழை அறும். பிறகு பேரிங், ஸ்பிண்டிலை (நூற்புக் கதிரை) சுழற்றும் டேப், எலி கடித்த வயர். நாலைந்து வருஷம் நின்ற நூற்பு ஃபிரேமைச் சரிசெய்கிற செலவில் புதிதே வாங்கலாம் என்று ஃபிட்டர்கள் சொன்னால் அது சோம்பேறித்தனம் இல்லை.

கணக்கு சுருக்கமாக: கோவையின் முதல் மில் 1888இல், ஸ்டேன்ஸ் துரை முயற்சியில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் வரிசையாக முளைத்தன. நலிந்த மில்கள் 1974இல் தேசியமயமாகி, தேசிய ஜவுளிக் கழகமான என்.டி.சி. கைக்குப் போயின. அந்த மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. பழையபடி ஓடவே இல்லை. தனியார் மில் முதலாளிகளுக்கு வேறு கணக்கு. ஊருக்குள் இருக்கும் நிலத்தின் விலை, அதன் மேல் ஓடும் ஸ்பிண்டிலின் வருமானத்தைத் தாண்டிய நாளே மில்லின் ஆயுசு முடிந்தது. லட்சுமி மில் சந்திப்பில் இறங்கினால் அது புரிந்துவிடும். 1910இல் தொடங்கிய மில்லின் வளாகத்தில் இன்று வணிக வளாகம், கார் நிறுத்தம், குளிர்சாதனக் காற்று.

நூற்பு செத்துவிட்டதா என்றால் இல்லை. அன்னூர், பல்லடம், உடுமலைப் பக்கம் போய்விட்டது. பழைய ஃபிரேமில் சில நூறு ஸ்பிண்டில். இப்போது ஒன்றிலேயே ஆயிரத்துக்கு மேல், நூல் நிறைந்த பாபினைக் கழற்றுவதும் தானாகவே நடக்கிறது. ஊர் மில்லில் சைடு (ஃபிரேமின் ஒரு பக்கம்) பார்த்தவர் சங்கத்து ஆள், குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர், 'அரை நைட்' ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு போனவர். வெளியூர் மில்லில் வேலை செய்யும் பெண் விடுதியில் தங்குகிறார். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருஷ முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி ஆள் எடுத்த காலமும் உண்டு. மெஷின் மாறியதை விட வேலையாள் வகை மாறியதுதான் கோவையின் தெருக்களை மாற்றியது என்பது எங்கள் கணிப்பு. டீக்கடை, பெஞ்சு, படிப்பகம், சங்கக் கொடிக்கம்பம் எல்லாமே ஷிப்ட் விட்டு வெளியே வரும் கூட்டத்தை நம்பி இருந்தவை. விடுதி பஸ் வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கினால் டீக்கடைக்கு யார் வருவார்கள்?

சாயங்காலம் அவினாசி ரோடு. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், 2025 அக்டோபர் 9 அன்று திறந்தது, ஜி.டி. நாயுடு பெயரில். மேலே போகிறவர்களுக்கு நிமிஷக் கணக்கில் பயணம். கீழே நடந்து பாருங்கள். வாகனம் நிறுத்தி வாங்கிப் போகிற கடைகளுக்கு ஒரு கதி, இறங்குபாதைக்குப் பக்கத்துக் கடைகளுக்கு வேறு கதி. 'வாடகைக்கு' பலகைகளை எண்ணிக்கொண்டே போனால் இறங்குபாதை எங்கே இருக்கிறது என்று பாலத்தைப் பார்க்காமலே சொல்லலாம்.

இரண்டாம் நாள், வெள்ளி. இருகூர், சூலூர்

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆறு மட்டும்.

மழைக்காலம் தவிர மற்ற மாதங்களிலும் நொய்யலில் தண்ணீர் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். வெள்ளியங்கிரி அடிவாரத்துத் தண்ணீர் கோவையைத் தாண்டுவதற்கு முன்பே குளங்களுக்குள் போய்விடும். இருகூர்ப் பாலத்தடியில் கோடையில் ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. அடையாளம் சொல்கிறோம்: தடுப்பணையில் விழும் இடத்தில் நுரை, தேங்கும் இடத்தில் ஆகாயத்தாமரை. நுரைக்குக் காரணம் சோப்பு, தாமரைக்குக் காரணம் மலக்கழிவின் சத்து. சாயம் இந்த இடத்தில் இன்னும் கலக்கவில்லை, அது ஞாயிற்றுக்கிழமை.

சூலூர்க் குளக்கரையில் சாயங்கால நடைக்குக் கூட்டம் வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் நிலக்கடலை நன்றாக இருக்கும்.

மூன்றாம் நாள், சனி. சோமனூர்

கோவை – சேலம் மார்க்கத்துப் பாசஞ்சரில் ஏறினால் சோமனூர் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். பஸ் என்றால் கருமத்தம்பட்டி வழி. இறங்கியதும் கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை. தெருவின் இரு பக்கமும் நீளமான ஓட்டுக் கட்டடம், ஆஸ்பெஸ்டாஸ் கட்டடம். உள்ளூர்ப் பேச்சில் தறிக்குடோன். ஓடுகிற குடோனின் சத்தம் சுவர் வழியாக உங்கள் கால் வரைக்கும் வரும். சில தெருக்களில் வரிசையாக மூன்று நான்கு குடோன் நின்றிருக்கும். பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் கேட்கும். பத்து வருஷம் முன்பு இங்கே டி.வி. பார்ப்பவர்கள் வசனத்தைப் பாதி ஊகித்தார்கள்.

கதவு திறந்திருந்தால் "ஏனுங்க, தறி பாக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் வரச்சொல்வார்கள். வேட்டி நுனி, துப்பட்டா, ஷால் இவற்றைச் சொருகிக்கொள்ள வேண்டும். பெல்ட்டுக்கு மூடி இருக்காது. ஊடை நூலைச் சுமந்து தறியின் குறுக்கே ஓடும் நாடா போகும் திசைக்கு நேராக நிற்கக்கூடாது, பக்கவாட்டில் நில்லுங்கள். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்திருந்தாலோ, பெட்டி தளர்ந்திருந்தாலோ நாடா பறக்கும். முனையில் இரும்புக் கூர் உள்ள கட்டை அது. சுவரில் பெயர்ந்த காரை இருந்தால் ஏற்கெனவே பறந்திருக்கிறது என்று அர்த்தம்.

தறி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் ஏன் நிற்கிறது என்பது தெரியும். சைசிங் மில்லில் கஞ்சி ஏற்றிச் சுற்றிய பாவு, அதாவது நீளவாக்கு நூல், பின்பக்கம். அதன் இழைகள் விழுதுக் கண்ணுக்குள்ளும் அச்சுப் பல்லுக்குள்ளும் நுழைந்து முன்னால் வரும். பழைய பாவு முடிந்தால் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முடிய வேண்டும். பாவு பிணைக்கிறவர் தனி ஆள், தனிக் கூலி. ஊடை நூலைத் தாரில், அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சியில், சுற்ற இன்னொருவர். தாரில் நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தி நாடாவை மாற்ற வேண்டும். ஆறு, எட்டுத் தறிக்கு ஓர் ஆள் என்றால் அவர் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்.

கரண்ட் போனால் நஷ்டம் நேரத்தோடு முடியாது. தறி நின்ற இடத்தில் இழை இழுபட்டுத் தளரும். திரும்ப ஓட்டும்போது அந்த வரியில் பட்டை விழும். துணி மடிக்கும் இடத்தில் அதைக் கண்டுபிடித்துக் கூலியில் பிடித்தம் செய்வார்கள்.

இனி கணக்கு. அங்குலத்துக்கு 52 பிக் உள்ள காடா, அதாவது வெளுக்காத துணி; ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போனால் ஒரு பிக். சாதா நாடாத் தறி நிமிஷத்துக்கு 140 பிக் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, மணிக்கு 4.1 மீட்டர். 24 மணி நேரமும் ஓட்டினாலும் நூல் அறுவது, தார் மாற்றுவது, பாவு மாற்றுவது எல்லாம் போக முக்கால் பங்கு நேரம்தான் தறி ஓடும். ஆக ஒரு நாளைக்கு 74 மீட்டர். நாடா இல்லாத் தறியில், காற்றால் ஊடையைச் செலுத்தும் ஏர்ஜெட் ரகம் 600 பிக் அடித்தால் மணிக்கு 17.6 மீட்டர். 85 சதவீதம் ஓடினால் நாளைக்கு 359 மீட்டர். ஒரு ஏர்ஜெட் வந்தால் நாடாத் தறி ஐந்து வேலை இழக்கிறது. துணியில் பட்டையும் குறைவு. வாங்குகிறவர் எதைக் கேட்பார்?

ஆனால் தறி நிற்க ஏர்ஜெட் மட்டும் காரணம் என்று சொன்னால் சோமனூரில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்வது சரிதான். இங்கே பெரும்பாலோர் கூலி நெசவாளர்கள். பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் தருவார், துணியாகத் திருப்பித் தரவேண்டும். கூலி மீட்டருக்கு, பிக் கணக்கில், பைசாவில். அந்தக் கூலிக்குள்தான் கரண்ட் பில், தறி ஓட்டுகிறவர் சம்பளம், தார் சுற்றும் கூலி, பாவு பிணைப்பு, பிக்கர், நாடா, ஆயில், குடோன் வாடகை எல்லாம். கலெக்டர், அமைச்சர் முன்னிலையில் பேசி ஒப்பந்தம் போடுவார்கள். நூல் விலை ஏறிய மாதத்திலேயே ஒப்பந்தக் கூலி குறையத் தொடங்கும். பிறகு வாரக்கணக்கில் தறி நிறுத்தம். நிறுத்தத்தில் முதலில் மூச்சுத் திணறுவது தறிக்காரர் அல்ல. தார் சுற்றும் அம்மாவும், டெம்போக்காரரும், டீக்கடையும்.

இலவச மின்சாரம் இருக்கிறதே என்று கோவைக்காரர்களே கேட்பதுண்டு. இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்றிருந்தது 2023இல் 1,000 ஆனது. பெரிய உதவிதான். ஆனால் எட்டுத் தறி, தறிக்கு ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட ஆறு யூனிட். 1,000 யூனிட் 166 மணி நேரத்தில் தீரும். நாளைக்கு 20 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது எட்டு நாள். மீதி ஐம்பத்திச் சொச்ச நாளும் கட்டணம். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது இங்கே ஏன் அத்தனை கொதிப்பு என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

சரி, தறி நின்றுவிட்டது. அடுத்து என்ன நடக்கும்?

முதலில் மோட்டார் போகும். உள்ளே செம்புக் கம்பி இருப்பதால் தனி விலை. பிறகு அச்சு, விழுது, நல்ல நாடா. ஓடுகிற தறிக்காரர் யாராவது வாங்குவார். கடைசியில் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுப்பார். தறியின் பக்கச் சட்டங்கள் வார்ப்பிரும்பு; போல்ட் கழற்ற வராவிட்டால் சம்மட்டியால் உடைப்பார்கள். வார்ப்பிரும்பு வளையாது, கண்ணாடி மாதிரி உடையும். அந்தத் துண்டுகள் வார்ப்படப் பட்டறைகளுக்குப் போய் உருகும். ஒரு காலத்தில் கோவைப் பட்டறையில் வார்த்துச் சோமனூருக்கு வந்த சட்டம், பம்ப்செட் உடலாகவோ கிரைண்டர் பாகமாகவோ மாறக் கோவைக்கே திரும்பலாம்.

காலியான குடோனுக்குள் போனால் தரையைப் பாருங்கள். தறி நின்ற இடத்தில் நான்கு நான்காகச் சிமெண்ட் திட்டு, நடுவில் அறுத்த போல்ட். சுற்றிலும் ஆயில் ஊறிய கறுப்பு; எத்தனை முறை கழுவினாலும் போகாது. உத்தரத்தில் பஞ்சுத் தூசி சாம்பல் நிறத்தில் தொங்கும். எத்தனை தறி இருந்தது என்று கேட்கவே வேண்டாம். திட்டுகளை எண்ணி நான்கால் வகுத்தால் போதும்.

மின் மீட்டரும் பேசும். விசைத்தறிக்கென்று தனிக் கட்டண வகை உண்டு, 3-ஏ2. குடோனைச் சரக்கு வைக்க வாடகைக்கு விட்டால் வகை மாற்ற வேண்டும். வீடாகப் பிரித்தாலும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஆய்வில் அபராதம். அதனால் குடோனை மாற்றியவர்கள் முதலில் வாங்குவது பெயிண்ட் அல்ல, புது மீட்டர். ஒரே சுவரில் பழைய மீட்டர்ப் பலகையின் தடமும், பக்கத்தில் வரிசையாக ஆறு சின்ன மீட்டரும் தெரிந்தால் உள்ளே ஆறு குடும்பம். குறுக்கே ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி அறை பிரித்திருப்பார்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ், உயரம் குறைவு. மே மாதத்தில் மதியம் உள்ளே இருக்க முடியாது. தறி ஓடியபோதும் இதே சூடுதான், ஆனால் அங்கே யாரும் படுத்துத் தூங்கவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு. திருப்பூர்

ஞாயிறை வேண்டுமென்றே வைத்துக்கொண்டோம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் ரயில் நிலையத்தைச் சுற்றி ஊர் முழுதும் தெருவில் இருக்கும். ரீசார்ஜ் கடை, பணம் அனுப்பும் கடை, செகண்ட் ஹாண்ட் போன், காய்கறி, ஜீன்ஸ். பலகைகளில் இந்தியும் ஒடியாவும். வடநாட்டார் வந்து ஊரைக் கெடுத்தார்கள் என்கிற பேச்சு டீக்கடைக்கு டீக்கடை கிடைக்கும். அதில் நியாயம் குறைவு. தேனி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் வந்தபோதும் இதே பேச்சுதான் இருந்தது. ஒன்றரை ஷிப்டுக்கு ஆள் வேண்டும் என்று சொல்கிற வாயே ஆள் வந்துவிட்டார்கள் என்றும் சொல்கிறது. காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரை, அதுதான் ஒன்றரை ஷிப்ட்.

ஊருக்குள் இருக்கும் பழைய பனியன் கம்பெனிக் கட்டடம் சோமனூர்க் குடோன் போல நீளமாக இருக்காது. மேலே மேலே போகும். கீழே குடோன், நடுவில் தையல் மெஷின் வரிசையான பவர் டேபிள், மேல்மாடியில் கட்டிங். துணி நீளவாக்கில் விரிய வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்பதால் கட்டிங் மேலே. வெளிச்சுவரில் துணிமூட்டை தூக்கும் கப்பி இன்னும் தொங்கும். பெரிய கம்பெனிகள் அவினாசி ரோட்டுக்கும் ஜவுளிப் பூங்காக்களுக்கும் போய்விட்டன: வாங்கும் நாட்டுக்காரர் ஆய்வுக்கு வரும்போது தீயணைப்பு வழி, இரண்டு மாடிப்படி, கழிப்பறை எண்ணிக்கை எல்லாம் பார்க்கிறார், சந்துக்குள் இருக்கும் கட்டடத்தில் இரண்டாவது மாடிப்படி எங்கே போடுவது? அந்தக் கட்டடங்களில் இப்போது பத்து, இருபது மெஷின் வைத்த ஜாப் ஒர்க் ஆட்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் என்று தையல் மெஷின்கள், பக்கத்தில் உதவியாளான கைமடி, கடைசியில் பிசிறு வெட்டி செக்கிங். பெரிய கம்பெனி ஆர்டர் எடுக்கும், தையல் சந்துக்கு வரும். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது சந்து. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அப்படித்தான் நடந்தது.

ரத்தான ஆர்டரின் சரக்கு எங்கே போகும் என்று பார்க்க ஸ்டேஷனிலிருந்து காதர்பேட்டைக்கு நடந்தால் போதும். பிராண்ட் லேபிளை வெட்டியிருப்பார்கள், அல்லது பாதியில் கத்தரித்திருப்பார்கள். வாங்குகிறவர்களுக்கு: டி-ஷர்ட்டை மேசையில் சமமாக விரியுங்கள். பக்கவாட்டுத் தையல் அக்குளிலிருந்து நேராக இறங்காமல் முன்பக்கம் முறுக்கினால் எடுக்காதீர்கள்; துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். கழுத்துப் பட்டியை இழுத்து விட்டால் உடனே சேர வேண்டும். தோள் தையலுக்குள் டேப் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இனி சாயம். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் சொட்டுக்கூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததற்காக. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. அதற்கு முன் ஆறு எந்த நிறத்தில் ஓடுகிறதோ அதுதான் அந்த வாரம் வெளிநாட்டில் ஓடும் நிறம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஆனால் ஆற்றைக் கொன்றது நிறம் இல்லை, உப்பு.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். 100 கிலோ துணி, எட்டு மடங்கு தண்ணீர் என்றால் 800 லிட்டர். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு. மொத்தம் 48 கிலோ. துணியின் எடையில் கிட்டத்தட்டப் பாதி உப்பு! சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதே அதன் வேலை. அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. அத்தனையும் கழிவில்தான். நிறத்தைப் பாக்டீரியாவும் ஓசோனும் எடுத்துவிடும். கரைந்த உப்பை எந்த மணலும் வடிகட்டாது. சவ்வுக்குள் செலுத்த வேண்டும். சவ்வு ஒதுக்கியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். செலவெல்லாம் அந்தக் கொதிப்பில். இப்போது பெரும்பங்கு தண்ணீர் மீண்டு பட்டறைக்கே வருகிறது, உப்பு நீரையும் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மிஞ்சும். மூட்டை கட்டிக் கூரைக்கடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழை பட்டால் கரைந்து புறப்பட்ட இடத்துக்கே போய்விடும். தறிக்குப் பிறகு, பனியனுக்குப் பிறகு, இந்த நாட்டில் குடோனுக்குள் குடியேறிய அடுத்த ஆள் இந்த உப்பு.

ஐந்தாம் நாள், திங்கள். ஒரத்துப்பாளையம், கொடுமணல், சென்னிமலை

இன்று பஸ்ஸை நம்ப வேண்டாம்; இருசக்கர வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க ஒரு டி.டி.எஸ். மீட்டர். பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். அளக்கும் முன் மழைநீரிலோ கேன் தண்ணீரிலோ முனையைக் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் முந்தைய கிணற்றின் உப்பையே அளப்பீர்கள்.

ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது. 40 அடி உயரம். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டியது. மேலே திருப்பூர் சாயத்தைத் திறந்துவிட, அணை அதைப் பிடித்து வைத்தது; ஆறு ஓடியிருந்தால் காவிரியில் கலந்து நீர்த்திருக்கும், இங்கே தேங்கி நிலத்துக்குள் இறங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்கவே கூடாது என்று விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். உலகத்தில் வேறெங்கும் இப்படி வழக்கு உண்டா தெரியாது, கொங்கு நாட்டில் உண்டு. இப்போது மதகு திறந்தே கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் சீமைக்கருவேலம்தான்.

கரையோரக் கிராமங்களில் கவனிக்க வேண்டியது பயிர். மஞ்சள் இல்லை, வாழை இல்லை, நெல் இல்லை. தென்னை இருக்கிறது, மாடு இருக்கிறது. உப்பைக் கொஞ்சம் தாங்கும் மரம் தென்னை. காய் சிறுக்கும், மட்டை நுனி கருகும், இருந்தாலும் நிற்கும். வயலோரத்தில் மண் வெள்ளை பூத்து, காய்ந்தால் ஓடு மாதிரி இறுகி, மிதித்தால் உடைகிறது. கிணற்றில் மீட்டரை விட்டுப் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. மழைக்குப் பிறகு ஒரு எண், சித்திரையில் இன்னோர் எண் காட்டும். ஒரு கிணற்றில் ஒருமுறை அளந்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது. குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, வராத நாளில் கேன்.

சில கிலோமீட்டர் தள்ளி நொய்யலின் வடகரையில் கொடுமணல். சங்கப் பாட்டில் வரும் கொடுமணம் இதுதான். 1985 முதல் பல தடவை அகழாய்வு நடந்தது. இரும்பு உருக்கிய உலை, தமிழி எழுத்துப் பொறித்த ஓடு, மணி செய்த பட்டறை. மணிகள் எல்லா நிலையிலும் கிடைத்தன: வெறும் கல், உருட்டியது, பாதி துளையிட்டது, மெருகு போட்டது. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்திருக்கலாம். சூதுபவளத்துக்கான கல் வடக்கே வெகு தூரத்திலிருந்து வந்தது. சரக்கு வெளியூரிலிருந்து, வேலை இங்கே, விற்பனை மறுபடி வெளியூரில். ஜாப் ஒர்க்!

போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள். அதற்கு மேல் வயல். ஈமக்காட்டில் கல்வட்டங்கள் தெரியும், உழவில் புரண்ட சிவப்பும் கறுப்புமான ஓட்டுச் சில்லுகள் தெரியும். எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். இங்கே எடுத்த சுடுமண் தக்ளிகள் சிலவற்றில் இரும்புக் கம்பி இன்னும் இருந்தது. அப்போதும் நூல் நூற்றிருக்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே 15 கிலோமீட்டர் சென்னிமலை. மலைக்கோயிலுக்குப் படியேற நேரம் இருந்தால் நல்லது. கீழே போர்வைக் கடைகள். கூட்டுறவுச் சங்கக் கடையில் கைத்தறி; அதன் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பாதி விலையில் மொத்த நூல் விரிப்பும் கால்மிதியும் கிடைக்கும். அந்த மொத்த நூல் ஓப்பன் எண்ட் மில் நூல். திருப்பூர் கட்டிங் மேசையில் விழும் துணி வேஸ்டை நிறம் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, வெள்ளக்கோவில் பக்கத்து மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். சாயம் ஏற்கெனவே ஏறிய பஞ்சு, அதனால் திரும்பச் சாயமும் வேண்டாம், உப்பும் வேண்டாம். இழை குட்டையாகிவிட்டதால் நூலுக்கு வலு குறைவு. விரிப்பாக ஒன்றிரண்டு வருஷம் தாங்கும், சட்டையாக நெய்ய முடியாது.

வாங்கும் முன் விரிப்பை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீலம் என்று சொல்லி விற்பதற்குள் ஒரு சிவப்புத் துணுக்கு, ஒரு மஞ்சள் துணுக்கு நூலோடு முறுகியிருக்கும். நிறம் பிரிக்கும் பெண்களின் கைக்குத் தப்பியவை.